சுத்தியலா, பிரஸ்ஸா, ஷோரூமா: பழைய மாருதிக்கு பேரிங்கும் பிரேக்கும் எங்கே பார்ப்பது?

பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பும்போது, குன்றக்குடி தாண்டித்தான் முதலில் கேட்டது. வேகம் ஐம்பதைத் தொட்டதும் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி. பின்சீட்டில் இருந்த ஆத்தா, "ஏப்பா, மேல ஏரோப்ளேன் போகுதா?" என்றார். நான் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன், ஏற்றிக் கேட்டேன், ரேடியோவை நிறுத்திக் கேட்டேன். ஏரோப்ளேன் இல்லை, எங்கள் சக்கரம்தான்.

கார் 1999 மாடல் மாருதி 800, அப்பச்சி வாங்கியது. அவர் போனபிறகு பள்ளத்தூர் வீட்டுக் கார் செட்டில் நிற்கிறது. நான் காரைக்குடியில் இருப்பதால் மாதத்துக்கு ஓரிரு தடவை எடுப்பேன், விசேஷம் வந்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இந்தப் பக்கம் ஊருக்கு நாலு வீட்டிலாவது இப்படி ஒரு வண்டி இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், மாருதியோ அம்பாசடரோ உறை போர்த்திக்கொண்டு தூங்கும், கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ வந்து இறங்கிய அன்றைக்கே எடுத்து ஓட்டுவார்கள். ஓடித் தேய்ந்த காருக்கும் நின்று கெட்ட காருக்கும் வைத்தியம் ஒன்றில்லை, நான் இங்கே சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு.

எங்கே கொடுக்கலாம், எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமல், சத்தம் இடது பக்கம் வருகிற மாதிரி இருக்கிறதே என்று இடது முன் பேரிங்கை (சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் குண்டு வைத்த வளையம்) மாற்றச் சொல்லி, பணமும் கொடுத்து, வெளியே எடுத்தால் அதே முனகல். கெட்டது வலது. கார் பாடி ஒரு தகரப் பெட்டிதானே, ஒரு மூலையில் கிளம்பும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். அந்தத் தண்டச் செலவு மெக்கானிக் தப்பு இல்லை, நான் சொன்னதை அவர் செய்தார்.

அதனால் முதலில் சோதனை. சத்தம் வருகிற வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், இன்ஜின் சத்தம் இறங்கியும் முனகல் அப்படியே இருந்தால் அது சக்கரம் சம்பந்தப்பட்டது. பிறகு ஆளில்லாத நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடம் வலமாக ஆட்டுங்கள். இடது பக்கம் திருப்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரங்களில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலது பக்கம். வலது திருப்பத்தில் கூடினால் இடது. இது நூற்றுக்கு நூறு சொல்லாது, ஆனால் நான் செய்த மாதிரி காதை மட்டும் நம்புவதைவிட எவ்வளவோ மேல். திருப்பும்போது முனகலுக்குப் பதில் 'கடக் கடக்' என்றால் அது பேரிங் இல்லை, பெரும்பாலும் ஆக்சில் ஜாயின்ட்.

அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது அதற்கு மேலே ஏதோ ஒன்று. 9-க்கும் 3-க்கும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் டை ராட் பக்கம் பாருங்கள். கடைசியாக, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங் இருந்தால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு அதிர்வு விரலுக்கு வரும். காதுக்கு ஏமாற்றத் தெரியும், விரலை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

டயரையும் மறக்க வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகி, ஓடும்போது பேரிங் மாதிரியே சத்தம் போடும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், சத்தம் இடம் மாறினால் குற்றவாளி டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2314 என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பூ தேயவில்லை, டயர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டு பத்து வருஷ டயரில் மதுரை போகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பேரிங்தான் என்று முடிவாகிவிட்டது. இனி எங்கே?

மாருதி 800-ல் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர், ஓரத்தில் ஆயில் சீல். இவை நக்கிளுக்குள் (ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கட்டை) இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளினால் வராது. அங்கேதான் வித்தியாசமே வருகிறது. தெருமுனை மெக்கானிக் கடையில் பெரும்பாலும் பிரஸ், அதாவது சாமானை அடிக்காமல் நேராக அழுத்தி ஏற்றும் இயந்திரம், இருக்காது. சுத்தியலும் பழைய பேரிங் வளையமும் வைத்து, வண்டியிலேயே அடித்து இறக்குவார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும், எனக்குச் சொன்ன கூலி ஒரு பக்கத்துக்கு 700 ரூபாய். சுத்தியலால் இறக்கியது எல்லாமே கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை, வெளி வளையத்தின் மேல் சரியான அளவு பைப்பை வைத்து, கோணாமல், பொறுமையாக அடிக்கிற கைகள் உண்டு. ஆனால் அவசரக் கை உள் வளையத்தில் அடித்துவிட்டால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகிறது, குண்டு உட்காரும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது, புது பேரிங் போட்ட சில மாதத்திலேயே பழைய முனகல் திரும்பி வருகிறது. பிறகு 'இப்போ வர்ற பேரிங்கே சரியில்லண்ணே' என்று பழி பேரிங் கம்பெனி மேல் விழும்.

இரண்டாவது வழி, ஷோரூம். பிரஸ், பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாம் இருக்கிறது, கையில் பில் வருகிறது, மறுபடி சத்தம் வந்தால் போய் நின்று கேட்கலாம். சென்னையில் இருந்துகொண்டு போனிலேயே வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு இதுவே நிம்மதி. எனக்குச் சொன்ன தொகை ஒரு பக்கத்துக்கு 3,000-க்கு மேல், அது ஒரு விஷயமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சிக்கல் வேறு. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, இன்றைக்கு அங்கே வேலை பார்க்கும் பையன்களில் பலர் இந்த வண்டியை அவிழ்த்தே பார்த்திருக்க மாட்டார்கள். சாமான் வரவழைக்க நாளாகும். பழைய வண்டி என்றதும் நீளமாக ஒரு பட்டியல் போடுவார்கள், அதில் பாதி உண்மையிலேயே தேவைப்படும், மீதிப் பாதி எது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, காயலான் கடை. பேரிங், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), பிரேக் டிஸ்க்கோடு முழு நக்கிளையே கழற்றிக் கொடுப்பார்கள், அப்படியே மாட்டிக்கொள்ளலாம், பிரஸ்ஸும் வேண்டாம் சுத்தியலும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் பேரிங்கும் பழையதுதானே, எந்தத் தண்ணீரில் நின்றதோ, எந்த மரத்தில் மோதியதோ. நக்கிள் துளி வளைந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதை அலைன்மென்டில் எவ்வளவு திருகினாலும் சரிசெய்ய முடியாது. என் கணக்கில் காயலான் கடைக்கு ஒரே ஒரு காரணத்துக்குத்தான் போகலாம். உங்கள் ஹப்பில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோய்ப் புது ஹப் கிடைக்கவில்லையென்றால், நல்ல ஹப் ஒன்றைத் தேடிப் போகலாம்.

ஹப் தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேரிங் ரொம்ப நாள் கெட்டபடியே ஓடினால் உள் வளையம் ஹப் மேல் வழுக்கிச் சுற்றி அந்த இடத்தைத் தின்றுவிடும். பிறகு புது பேரிங் கையாலேயே உள்ளே போகும், 'லகுவாப் போயிருச்சு' என்று சந்தோஷப்படக் கூடாது, அது கெட்ட செய்தி. சில கடைகளில் சென்டர் பஞ்ச்சை வைத்து ஹப்பைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக அடித்து, மேடு எழுப்பி, அதன்மேல் பேரிங்கை ஏற்றிவிடுவார்கள். கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு புள்ளிகள் அமுங்கி மறுபடி லூஸ். பஞ்ச் அடிக்கட்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லி ஹப்பை மாற்றுங்கள்.

நான்காவது, வீட்டிலேயே செய்வது. யூடியூப் பார்த்துவிட்டு எனக்கும் ஆசை வந்தது. அவிழ்ப்பது வரைக்கும் முடியும், உண்மையில் அது பெரிய வித்தை இல்லை. ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லூஸ் பண்ண வேண்டும், காலிப்பரை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பகுதி) அவிழ்த்துக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், அதன் ரப்பர் ஹோஸில் தொங்க விடக் கூடாது, அப்புறம் டை ராடையும் பால் ஜாயின்ட்டையும் பிரித்தால் நக்கிள் கைக்கு வந்துவிடும். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும், எங்கள் ஊர்ச் செம்மண் தரையில் அந்த ஸ்டாண்டுக்கு அடியிலும் ஒரு தடித்த பலகை வேண்டும். வளவில் இடம் இருக்கிறதே என்று ஆத்தங்குடிக் கல் மேல் ஜாக்கி வைத்து ஒருத்தர் இரண்டு கல்லை உடைத்தார், அந்தப் பூ டிசைன் இப்போது யாரும் ஊற்றுவதில்லையாம், பேரிங் செலவே தேவலை என்று ஆகிவிட்டது.

ஆக, நான் கடைசியில் போனது ஐந்தாவது வழி, இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் செய்தது. நக்கிளை எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் அவிழ்த்துக் கொடுத்தார், நான் அதைச் சாக்கில் சுற்றிப் புதுவயலுக்குக் கொண்டுபோனேன். புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலை என்றால் ஷாஃப்ட், புல்லி, பேரிங். அந்த ஆலைகளுக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் இருப்பவர்கள் பேரிங்கை ஏற்றி இறக்குவதில் ஊறிப்போனவர்கள். அங்கே ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. பட்டறைக்காரர் நக்கிளை வாங்கிக் கழுவினார், உள்துளையை விரலால் தடவிப் பார்த்தார், ஹப்பில் ஒட்டிக்கொண்டு வந்த பழைய உள் வளையத்தைக் கிரைண்டரில் முக்கால்வாசி அறுத்து உளியால் ஒரே தட்டில் பிளந்தார். புதியதை ஏற்றும்போது பிரஸ்ஸின் பாரம் வெளி வளையத்தில் மட்டும் விழுகிற மாதிரி அடியில் வளையம் வைத்தார். ஹப்பை உள்ளே இறக்கும்போது நேர் தலைகீழ், அப்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கல். யாரும் சொல்லாமலே இப்படித் தாங்கலை மாற்றி வைக்கிறாரா என்று நீங்கள் நின்று பாருங்கள், அந்த ஒரு விஷயத்தில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். கூலி ஒரு பக்கத்துக்கு 250.

முந்தின இரவே புது பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். 60 மில்லிமீட்டர் அகல வளையம் முப்பத்தைந்து டிகிரியிலிருந்து மைனஸ் பதினெட்டுக்குப் போனால் சுமார் 0.04 மி.மீ. சுருங்கும், இறுக்கமாக உட்காரும் சாமானுக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் பள்ளத்தூர் ஃப்ரீசரில் சுருங்கியது புதுவயல் போவதற்குள் வெயிலில் விரிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டியில் கொண்டு போயிருக்க வேண்டும். ஆத்தா அந்தப் பையைப் பார்த்துவிட்டு "இது என்ன பலகாரம்?" என்று கேட்டதுதான் மிச்சம்.

பேரிங் எந்தக் கம்பெனி என்பதிலும் இதே குழப்பம்தான். மாருதி பெட்டியில் வரும் அசல், எஸ்கேஎஃப், ஜெய்ப்பூரில் தயாராகும் என்பிசி, இவற்றில் எதுவானாலும் எனக்குச் சரி, இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் நம்மைப் போன்ற ஓட்டத்துக்குத் தெரியாது. பெயர் தெரியாத 200 ரூபாய் பேரிங்கில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட ஆபத்து, நல்ல பெயர் அச்சடித்த போலி. எஸ்கேஎஃப் பெட்டியைச் சோதிக்க அவர்களே ஒரு செயலி வைத்திருக்கிறார்கள், படம் எடுத்து அனுப்பினால் சொல்வார்கள். பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தாலோ, வளையத்தில் எண் பொறிக்காமல் மை முத்திரை மாதிரி தெரிந்தாலோ வாங்காதீர்கள். இரண்டு பேரிங்கும் சீலும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு எனக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. சீலையும் கட்டாயம் மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிரம்பி ரோட்டுக்கு வந்த தண்ணீரில் ஒரே ஒரு தடவை இறக்கி ஏற்றினால் போதும், தேய்ந்த சீல் வழியாகச் செம்மண் தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு குழைந்து அரைத்துவிடும். என் பழைய பேரிங்கைப் பிளந்தபோது உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, மருதாணி.

இப்போது பிரேக். இதைத் தனிக் கட்டுரையாக எழுதாமல் இங்கேயே சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பேரிங் லூஸானால் ஹப்போடு டிஸ்க்கும் ஆடும், ஆடுகிற டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி ஆழம் போய்த்தான் பிடிக்கும், இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். இதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் உருளை) போச்சு என்று மாற்றியவர்கள் உண்டு. பின் சக்கரத்தில் வேறு கதை. 800-ல் பின் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது, சீல் கசிந்தால் கிரீஸ் நேராக, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவின் லைனர் மேல் போகும், அந்தப் பக்கம் பிரேக் வழுக்கும். ஆகவே பேரிங்குக்கு அவிழ்க்கும் அன்றே பிரேக்கையும் பாருங்கள், ஒரே அவிழ்ப்பில் இரண்டு வேலை.

நின்ற வண்டியில் எனக்கு வந்த முதல் பிரச்சினை, வண்டி நகரவே இல்லை. ஒரு சமயம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்று மாதம் நிறுத்தியிருந்தேன், லைனர் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டது. எங்கள் காரைக்குடியில் செக்ரி இருக்கிறது, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் துருப்பிடிப்பதை ஆராய்வதும் அங்கே ஒரு பெரிய துறை. அந்த ஊர்க்காரன் வண்டி துருவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. ரொம்ப நாள் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள்.

பெடல் எப்படிச் சொல்கிறது என்று கேட்டால் பாதி வியாதி தெரிந்துவிடும். பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தால் கெட்டியானால், பிரேக் குழாய்க்குள் ஏர் புகுந்திருக்கிறது. அல்லது பின் லைனர் அட்ஜஸ்ட்மென்ட் தூரமாகிவிட்டது, இதைத்தான் முதலில் பாருங்கள், காசில்லாத வேலை. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கிப் போனால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் ஆயிலுக்கு வழிவிடுகிறது. பெடல் கல் மாதிரி இருந்து வண்டி நிற்க மறுத்தால், மிதியை லேசாக்கும் பூஸ்டர் உள்ள கார் என்றால் இன்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் சற்று உள்ளே போக வேண்டும், போகவில்லையென்றால் பூஸ்டரையோ அதன் வேக்குவம் குழாயையோ பாருங்கள். மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இழுக்கும் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்று மூடிவிடாதீர்கள்.

சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டு சூடாவதுதான் எனக்குக் கடைசிவரை தண்ணி காட்டியது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் (தொடாதீர்கள்) முன் வலது மட்டும் அனல். மெக்கானிக் அண்ணன் ஒரு நல்ல சோதனை காட்டினார். சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும்போதே காலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) கொஞ்சம் திறந்தார். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் திரும்பிப் போகாமல் நிற்கிறது என்று அர்த்தம், திறந்தும் விடாமல் பிடித்திருந்தால் காலிப்பர் பின்னோ பிஸ்டனோ துருவில் மாட்டியிருக்கிறது. எனக்கு விடுபட்டது. காரணம், காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் அந்த ரப்பர் ஹோஸ், வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது, உள்ளே சுவர் வீங்கி, மிதிக்கும்போது ஆயிலை விட்டு, திரும்பும்போது அடைத்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷ ரப்பர், வேறு என்ன செய்யும்? காலிப்பரை மாற்றச் சொல்லி வேறொரு இடத்தில் சொல்லியிருந்தார்கள், சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்தது.

சாமானில் எதைப் புதிதாக வாங்குவது, எதைத் தட்டிக்கொட்டி ஓட்டுவது என்பதில் என் முடிவு இதுதான், மாறுபட்டவர்கள் இருப்பார்கள். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்கு வாஷர் கிட் மட்டும் போடுவது மலிவு, ஆனால் நின்ற வண்டியில் சிலிண்டர் சுவரில் துருப்புள்ளி இருக்கும், புது வாஷரையும் அது கிழித்துவிடும், முழு சிலிண்டரே வாங்குங்கள், விலை வித்தியாசம் ஒரு வேளை அசைவச் சாப்பாடு. லைனர் ஒட்டிக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, அம்பாசடர்காரர்களுக்கு அது நல்ல வழி, 800-க்கு ஷூ செட்டே புதிதாகக் கிடைப்பதால் தேவையில்லை. டிஸ்க்கில் மேலோட்டமான துரு இரண்டு மூன்று பிரேக்கிலேயே போய்விடும், அதற்காக லேத்தில் கொடுக்க வேண்டாம். மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் மட்டும் யோசியுங்கள், அப்போதும் குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும், சீவினால் அதற்குக் கீழே போகும் என்றால் புதிது. பேடும் லைனரும் மாற்றுவது எப்போதும் ஜோடியாக, ஒரு பக்கம் மட்டும் கிடையாது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடாத வண்டியில்தான் உள்ளே துரு அதிகம். டாட் 3 போட்ட வண்டியில் டாட் 4 ஊற்றலாம், டாட் 5 சிலிக்கான், அதைக் கலக்கக் கூடாது. தேவகோட்டையில் உறவினர் ஒருவர் அம்பாசடரில் 'ஆயில்தானே' என்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு, ரப்பர் எல்லாம் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை மொத்தமும் மாற்றினார். காலிப்பர் பின்னுக்கும் சாதாரண கிரீஸ் கூடாது, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தனியாக விற்கிறது.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றைப் பிடித்து ஊதுவார்கள், கடை முழுக்கப் புழுதி பறக்கும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாதது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், இல்லை பிரேக் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் அண்ணன் முதலில் சிரித்தார், இப்போது வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்.

யாருக்கு எது என்று கேட்டால், வெளியூரில் இருந்துகொண்டு வண்டியைச் சாவியோடு யாரிடமோ கொடுப்பவர்கள் ஷோரூமுக்கே போங்கள், கூடக் கொடுக்கும் பணம் நீங்கள் பக்கத்தில் நிற்காததற்கான கூலி. ஊரில் இருப்பவர்கள், அரை நாள் கூட நிற்க முடியும் என்றால், அவிழ்ப்பது மெக்கானிக், ஏற்றுவது பிரஸ் உள்ள பட்டறை, சாமான் நீங்களே வாங்கியது. சத்தம் நன்றாக முற்றிவிட்ட பேரிங்கோடு மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட்டிப் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தொண்ணூறு கிலோமீட்டர் அது தாங்காமல் போகலாம். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும், எனக்கு அது நெருங்குகிறது, எப்படியும் பிரேக்கைப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பிரஸ் கூலி, பேரிங், ஹோஸ், ஆயில், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து, வீணாகப் போன முதல் இடது பக்கத்தையும் கணக்கில் வைத்தால், 5,000-ஐத் தொட்டது. ஆக்சில் நட்டைப் புதிதாக வாங்கி, டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொன்னேன், காலால் மிதித்து இறுக்குவது வேண்டாம் என்று. மறுநாள் குன்றக்குடி வரை போய் வந்தேன், அறுபதில் சத்தம் இல்லை, முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே சூடு. பின் இடது டிரம் மட்டும் கொஞ்சம் கூடச் சூடாக இருக்கிறது, ஷூவை அளவுக்கு மேல் நெருக்கி வைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவிழ்க்கப் போகிறோம்.